ஆளுக்கொரு கடிதம்

— அறுபத்தோரு கையெழுத்து இருக்கு சார். நீங்க பாட்டுக்கு ஒண்ணுன்னு எழுதுறீங்களே?

— கடிதம் ஒண்ணுதானேம்மா? அப்ப ஆட்சேபமும் ஒண்ணுதான். கையெழுத்துக் கணக்கு எனக்கு வேண்டாம், புரியுதா?

— டைப்பிங் கடை வெச்சிருக்கேன் சார். வீட்டு நம்பர் வரிசையா கட்டம் போட்டு நானே அடிச்சு, ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி வாங்கினது.

— அழகா இருக்கு, இல்லைங்கலை. சட்டம் போட்டு மாட்டலாம். ஆனா விதி என்ன? ஆளுக்கொரு கடிதம். தெருவுல குடியிருக்கற அம்பது பேரு தனித்தனியா ஆட்சேபம் கொடுத்தா, கமிஷனர் உங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டே ஆகணும். ஒண்ணு கொறஞ்சாலும் கூட்டம் கிடையாது. உங்க தெருவுல ரெண்டு மாடிக்கு மேல கட்டக்கூடாதுங்கற விதி நாளையோட போச்சு. ஆறு மாடி, கீழ கடை, எல்லாம் வரலாம்.

— பாத்தீங்களாக்கா? அன்னைக்கே சொன்னேன், இந்த கார்ப்பரேஷன் ஆபீஸ்ல...

— பிளம்பர் தம்பி, நீ கொஞ்சம் வாயை மூடு. கடைசி நேரம் எப்ப சார்?

— இன்னைக்கு நாலு மணி.

— இப்ப பதினொண்ணே கால். இதையே அம்பது ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொண்ணுல கையெழுத்துப் போட்டா?

— செல்லாது. அவங்கவங்க பாதிப்பை அவங்கவங்க கையால எழுதணும்.

— சரி. தப்பு என் மேலதான், விதியை முழுசாப் படிக்காம விட்டுட்டேன். தம்பி, வண்டியை எடு. வீட்டுல இருக்கறவங்களை எல்லாம் கிளப்பு. வேலைக்குப் போனவங்களுக்குப் போன் போடு. அடுப்பை அணைச்சுட்டுப் பேனாவோட வரச்சொல்லு.

— நம்ம தெருவுல பேனாவாக்கா? நீங்களே ஒரு டஜன் வாங்கி வெச்சிடுங்க.

— இந்த வராண்டாவுல அம்பது பேருக்கு இடம் கிடையாதும்மா, சொல்லிட்டேன்.

— நின்னுக்கிட்டே எழுதுவாங்க சார். சுவர் இருக்குல்ல?

— அக்கா, மொத லோடு வந்தாச்சு! இஸ்திரிக்காரர் என்ன எழுதறதுன்னு முழிக்கறார், நீங்க சொல்லிக் கொடுங்க.

— நான் சொல்லக் கூடாது. ஆறு மாடி வந்தா உங்களுக்கு என்ன போகும்னு கேளு.

— தள்ளுவண்டி நிக்கற மரத்தடி போயிடும்ங்கறார்.

— அதையே எழுதச் சொல்லு. நாலு பக்கம் வேண்டாம்.

— இதென்னம்மா? ‘எதிர்ல ஆறு மாடி வந்தா நான் வாசல்ல உக்காந்து தலை துவட்ட முடியாது.’ இதெல்லாம் ஒரு பாதிப்பா?

— உங்க வாசலை ஆறு மாடி எட்டிப் பாத்தா தெரியும் சார். நம்பர் போடுங்க.

— இருபத்தேழு. இருங்க, இது யாரோடது? ‘எங்க தெருவுல ஓடறது ஆறு இஞ்ச் கழிவுக் குழாய். நாப்பது வீட்டுக்குப் போட்டது. மேல இருந்து நானூறு பேரு தண்ணி ஊத்தினா, கீழ இருக்கறவங்க பாத்ரூம்ல பொங்கும். ராத்திரி பகல் பாக்காம மூடியைத் திறக்கப் போறது நான்தான்.’

— நான்தான் சார். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

— பிழை நிறையவே இருக்கு. ஆனா இந்தக் குழாய் சமாச்சாரம் ஃபைல்ல எங்கயுமே இல்லையேப்பா. இதை மேல வெக்கிறேன்.

— அப்ப என்னையும் இஞ்சினியர்னு சொல்லலாம்ங்கறீங்க!

— போதும் தம்பி, அடுத்தவங்களுக்கு வழி விடு.

— நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்பது. அடுத்து? அவ்வளவுதானா?

— நர்ஸம்மா பஸ்ல வந்துட்டு இருக்காங்க சார். பாதி வழியில நெரிசலாம். மத்தவங்களுக்கு லீவு கிடைக்கலை. கொஞ்சம் பொறுங்க.

— நாலுக்கு ஆறு நிமிஷம் இருக்கு. நான் பொறுப்பேன், கடிகாரம் பொறுக்காது, புரியுதா? ஏம்மா, காலையில இருந்து எல்லாருக்கும் பேப்பர் நீட்டினீங்களே, உங்க கடிதம் எங்க? அந்த அறுபத்தொண்ணுலயும் உங்க கையெழுத்தைக் காணோமே?

— சார், அக்காவை விட்டுடுங்க. அவங்க எழுதறது சரிப்படாது.

— ஏன், அந்தத் தெருவுல இல்லையா?

— இருக்காங்க. அதான் சங்கடமே.

— தம்பி, நீ பேசாத. சார், ஒரு பேப்பர் கொடுங்க. என்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துடுச்சு.

— அக்கா, யோசிச்சுக்கோங்க. நர்ஸம்மா வந்தாலும் வந்துடுவாங்க.

— வரலைன்னா? சுவத்துல பேப்பரை வெச்சு எழுதினவங்க மூஞ்சியில நாளைக்கு நான் எப்படிடா முழிக்கிறது? தள்ளு, வெளிச்சத்தை மறைக்காத.

— எழுத்து கோணலாப் போகுதேக்கா.

— டைப் அடிச்சே பழகின கை. அதான்.

— முடிஞ்சுதாம்மா? கொடுங்க. ‘எங்க தெருவுல என்ன கட்டலாம்ங்கறதை எங்களைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க.’ இவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— சரி, அம்பது. மணி மூணு அம்பத்தெட்டு. வீட்டு நம்பர் எழுதலையே?

— பதினாறு.

— பதினாறா? இருங்க இருங்க... விதியை மாத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர் வீடுதானேம்மா அது?

— ஆமா, எங்க அண்ணன். நீங்க பதினாறுன்னே போடுங்க சார், இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் நான் அங்கதான் குடியிருக்கேன்.