பழப்புளியில் மினுங்கிய கெமர்க் கண்ணாடி

தலைமை இருக்கையைத் தன் தகைமையால் நிறைத்திருக்கும் அருள்நேசன் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்கள் பிழைகளைப் பொறுத்தருளும் பெரியோர்களே, முகம் மலர்ந்து வந்திருக்கும் தாய்மார்களே, வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் அப்டன் பார்க்கிலிருந்தும் மழையையும் மதியாது மூன்று ரயில் மாறி இந்த மோர்டன் மண்டபத்தை மகிழ்வித்த மக்களே, உங்கள் கோயில் செயலாளன் யோகலிங்கத்தின் பணிவான வணக்கம்.

கடவுளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. கடவுளுக்குக் காட்டிய கண்ணாடியைப் பற்றிப் பேச வந்தேன். தீபாராதனை முடிந்ததும் கண்ணாடி, குடை, சாமரம் என ஒவ்வொன்றாய் அம்பாளுக்குக் காட்டுவது நம் வழக்கம். எங்கள் வாடகை மண்டபத்து அம்பாளுக்குக் குடை இருந்தது, சாமரம் இருந்தது. கண்ணாடி மட்டும் குளியலறைக் கண்ணாடி. சிரிக்காதீர்கள், வாங்கியவன் நான்தான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் நம் மடைப்பள்ளிச் சமையற்காரர் ஜம்புநாதன். பாரிசில் ஒரு பிரெஞ்சு மூதாட்டிக்குப் பதினொரு ஆண்டு சமைத்துவிட்டு லண்டன் வந்தவர். கையடக்கமான வெண்கல வட்டம், கீழே ஒரு பிடி, முகமெல்லாம் பச்சை. "அந்த மனிசி தந்தது, அண்ணை. அம்பாளுக்கு உதவட்டும்" என்று கொடுத்தார்.

வெண்கலத்தைக் கண்டால் நம் வீட்டில் என்ன செய்வோம்? அதையே கோயில் பாத்திரம் துலக்கும் கமலேஸ்வரி அம்மாவும் செய்தார். பழப்புளியைக் கரைத்தார், உரஞ்சினார், மினுங்க மினுங்க மினுக்கினார்.

ஆடிப்பூரத்தன்று குருக்கள் அதை உயர்த்தியபோது, அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் நம் யசோதினி அரோகரா சொல்ல மறந்து வாய் பிளந்து நின்றாள். பூசை முடிந்ததும் கேட்டாள்: "அன்ரி, இதை எதாலை கிளீன் பண்ணினீங்கள்?"

"பழப்புளி, பிள்ளை."

"அன்ரி, இது கெமர் மிரர். கம்போடியா. எண்ணூறு வருசம்."

கமலேஸ்வரி அம்மா அசரவில்லை. "அதுதான் அவ்வளவு ஊத்தை" என்றார்.

எண்ணூறு ஆண்டுப் பொருள் ஒரு சமையற்காரர் கைக்கு எப்படி வந்தது? கேட்டவன் யார்? நான். நிர்வாக சபைக்கு முன் அவரை நிறுத்திக் கேட்டேன். "பிடியிலை கடதாசித் துண்டொண்டு கட்டியிருந்தது, அண்ணை. மனிசி தன்ர கையாலை எழுதித் தந்தவ" என்றார். பார்த்தோம், துண்டு இல்லை. துண்டில்லாமல் நம்ப ஏலாது என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இதே சொல்லை நாம் எத்தனை குடிவரவு மேசைகளுக்கு முன் நின்று கேட்டோம்? ஜம்புநாதனை விசாரித்த அன்று அந்த மேசையின் மறுபக்கத்தில் நான் இருந்தேன்.

அகப்பையை வைத்துவிட்டுப் போனவர் இரண்டு மாதம் வரவில்லை. அதன்பின் இங்கே பொங்கிய பொங்கலை உண்டவர்களுக்குத் தெரியும். அதோ, பின்வரிசை தலையாட்டுகிறது.

ஏழு ஆண்கள் நான்கு கூட்டம் கூடி ஆராய்ந்தோம். மினுக்கிய அம்மாவை ஒருவராவது கேட்டோமா? இல்லை, தாய்மார்களே, கேட்கவில்லை. கைதட்டுங்கள், அதற்கு நாங்கள் தகுதியானவர்கள். சரஸ்வதி பூசைக்குப் படங்களை இறக்கிக்கொண்டிருந்த அவரிடம், பேச்சுவாக்கில் நான்தான் புலம்பினேன். திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் துண்டோ? புளி போட முதல் அவிட்டு வைச்சனான். எழுத்திருக்கிற கடதாசியைக் குப்பையிலை போட ஏலுமே? இந்தா, சரஸ்வதி படத்துக்குப் பின்னாலை கிடக்கு."

கிடந்தது. முன்பக்கத்தில் மங்கிய மையில் நாற்பத்தேழு என்ற இலக்கமும் 1923 என்ற ஆண்டும். மூதாட்டியின் தந்தை கம்போடியாவில் அதிகாரியாயிருந்து சேர்த்த பொருள்களில் இதுவும் ஒன்று. யசோதினி பாரிசுக்கு எழுதி அந்தப் பொருள்களின் பழைய பட்டியலை எடுப்பித்தாள். மற்றவையெல்லாம் ஏலத்தில் போயிருக்க, நாற்பத்தேழுக்கு நேரே 'மகளுக்கு' என்றிருந்தது. துண்டின் பின்பக்கத்தில் நடுங்கிய கையெழுத்து. யசோதினி தமிழில் சொன்னாள்: 'என் ஜம்புவுக்கு. பதினொரு ஆண்டுச் சாப்பாட்டுக்கு நன்றி. இனி இது உன்னுடையது.'

கண்ணாடியை என்ன செய்வது என்று அவரையே போய்க் கேட்டேன். "அதுக்கு ஒரு நாடிருக்கு, அண்ணை. திரும்பிப் போகவும் ஏலும். அனுப்பிவிடுங்கோ" என்றார். இந்த ஆண்டு ஊர்ப் போரில் நம் சனம் பட்டதெல்லாம் பட்ட பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அடுத்த மாதம் கண்ணாடி கம்போடியா போகிறது.

அவையோரே, பொருள் எப்படி வந்தது என்று கேட்டது பிழையா? இல்லை, கேட்கத்தான் வேண்டும். வாய் திறந்து பதில் சொன்ன மனிதனை நம்பாததுதான் பிழை. அந்தப் பிழை சபையுடையதல்ல, என்னுடையது. ஏழு பேருக்கு முன்னால் அவரைச் சந்தேகித்தேன். இத்தனை பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தப் பொன்னாடையை அவருக்குப் போர்த்தும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். தம்பி ஜம்புநாதன், எழும்ப வேண்டாம், அப்படியே இருங்கள். உங்களை மேடைக்குக் கூப்பிடும் தகுதி எனக்கில்லை, நான் இறங்கி வருகிறேன். பொறுமையோடு கேட்ட சபைக்கு என் நன்றி. வணக்கம் இன்று உங்களுக்கு, தம்பி.