நாலு அறைக்கு நாலு எண்

இந்த மேடைக்கு மாட்சி சேர்க்க வந்திருக்கும் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்று கால் மணி நேரம் கண்ணியமாகப் போராடி, களைத்து அமர்ந்திருக்கும் மேலாளர்களே! வயதில் மூத்த பெரியோர்களே! வீட்டையும் வேலையையும் ஒரே தலையில் சுமந்து, அந்தத் தலையையும் வாரிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டு, என் பேச்சை உருக்கமாகக் கேட்பதாக நடிக்கும் செல்வங்களே! எழுதப் படிக்கத் தெரியாத இந்தக் கிழவனின் வணக்கம்.

நம் மென்பொருள் கம்பெனியின் ஏழு மாடிக் கட்டடம் திறந்தாயிற்று. சற்றுமுன் தலைவர் ஒரு பொன்னான அறிவிப்பும் செய்தார். நாளை முதல் எந்த மாடி எந்த மென்பொருள் லைப்ரரியின் எந்தப் பதிப்பு எண்ணைப் பயன்படுத்துவது என்பதை அந்தந்த மாடியே முடிவு செய்துகொள்ளுமாம். பொதுப் பட்டியல் இனி வேண்டாமாம். சுதந்திரமாம்! கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஆண்டை எண்ணால் சொல்ல எனக்கு வராது. கடைத்தெரு மணிக்கூண்டு பத்தேகாலில் நின்றுபோன ஆண்டு. பாலத்தில் சோப்பு லாரி கவிழ்ந்து ஆறு முழுக்க நுரை ஓடிய ஆண்டு. நம் பழைய கட்டடத்து லிஃப்ட் முதன்முதலாக மேலே போய், கீழே வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஆண்டு. அந்த ஆண்டு நான் அங்கே டீ வண்டி தள்ளினேன்.

மருத்துவமனை ஒன்றுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். பதிவறை, வார்டறை, ஆய்வறை, மருந்தறை என்று நாலு அறை. ஆளுக்கொரு பகுதி. நாலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அனுப்ப மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரே ஒரு பெண். எல்லோருக்கும் அவர் சேர்ப்பக்கா.

நோயாளியின் எடையை வைத்து அளவுகளைக் கணக்கிட ஒரு லைப்ரரி. ஒருவர் எழுதி வைத்த கணக்கை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவதற்குத்தான் அந்தப் பெயர் என்று சேர்ப்பக்காதான் எனக்குச் சொன்னார். திருத்தத் திருத்த அதற்கு எண் ஏறும். ஒரே கணக்குத்தானே, ஒரே எண்ணாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இருந்தால் நாலு அறைத் தலைவர்களின் மானம் என்னாவது? மாண்பு என்னாவது? மீசை என்னாவது? அவரவர் கோப்பில் அவரவர் எண்!

எந்த அறை எந்த எண்ணில் இருக்கிறது என்று சேர்ப்பக்காவுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே என்னைக் கேட்பார். "அண்ணே, மருந்தறைக்குப் போறப்போ எந்த நம்பர்னு கேட்டுட்டு வாங்க." நானும் கேட்டு வருவேன். எழுதத் தெரியாதவன் மறக்க முடியுமா? நாற்பது கணினி இருந்த கட்டடத்தில், பட்டியல் இருந்த ஒரே இடம் இந்த மண்டை! சிரிக்காதீர்கள். மின்சாரம் போனாலும் ஓடிய பட்டியல் அது.

வார்டறைத் தலைவருக்குப் புதுசு என்று பட்டப்பெயர். சட்டை புதுசு, பேனா புதுசு, சந்தைக்கு வந்த எதுவும் அவருக்கு அன்றே வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை இரண்டாவது டீக்கு நான் உள்ளே போகும்போது சொன்னார்: "நாங்க மூணுக்கு மாறிட்டோம்யா. மத்தவங்க எல்லாம் இன்னும் ரெண்டுலயே கெடக்கட்டும்!"

நான் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு ஓடினேன். சேர்ப்பக்கா தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். இரண்டாம் எண் எடையைக் கிலோவில் கேட்கும். மூன்றாம் எண் கிராமில் கேட்கும். சேர்த்துக் கட்டும்போது இயந்திரம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும், அதுவும் பெரிய எண்ணை. அன்று நாலு மணி டீயின்போது மேலாளரிடம் போய் நின்றார்.

"சார், நாலு அறைக்கும் ஒரே பட்டியல் போடலாம் சார். கோப்புல லைப்ரரி பேர் மட்டும் இருக்கட்டும், நம்பர் ஒரே இடத்துல இருக்கட்டும்."

"அவங்கவங்க அறை, அவங்கவங்க உரிமை. நீ கட்டுற வேலையைப் பாரும்மா."

ஆகா! என்ன ஜனநாயகம்! என்ன பெருந்தன்மை!

கட்டி அனுப்பினார்கள். வெள்ளோட்டத்தில் ஒரு நர்சம்மா, மூன்று கிலோக் குழந்தைக்கு மருந்தறைத் திரையில் அளவு கேட்டார். திரை அந்த மூன்றைக் கிராமாக எடுத்துக்கொண்டு ஊசிமுனை அளவு மருந்து காட்டியது. நர்சம்மா போனில் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது: "மூணு கிராமுன்னா அது குழந்தையா, கொசுவாய்யா?"

நிஜக் குழந்தை இல்லை, வெள்ளோட்டம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது ஆயிரம் மடங்காக ஏறியிருந்தால்? அதுவும் நிஜக் குழந்தைக்கு ஏறியிருந்தால்? இப்போது தட்டுங்களேன்!

குற்றவாளி வேண்டுமே. கட்டியவர் யார்? சேர்ப்பக்கா. வேலை நீக்கக் கடிதம் தயார். மேலாளர், நாலு அறைத் தலைவர்கள், சேர்ப்பக்கா என்று ஆறு பேர் மேசையைச் சுற்றி. டீ கொடுக்க நான்.

"வார்டறை நம்பரை மாத்தினது எனக்குச் சொன்னீங்களா?" என்று சேர்ப்பக்கா கேட்டார். புதுசு கூரையைப் பார்த்தார். "போன வாரம் மாத்தினதா எனக்கு ஞாபகமே இல்லையே."

தலைவர் இருமுகிறார், யாராவது தண்ணீர் கொடுங்கள். புதுக் கட்டடம், தூசி இருக்கும்.

"நீ முன்னாடியே சொன்னேங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் மேலாளர்.

"எழுத்துல இல்ல சார். அண்ணன்கிட்ட இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"பதிவறை ரெண்டு புள்ளி மூணு, லிஃப்ட் மாட்டிக்கிட்ட நாள்லேர்ந்து. ஆய்வறை ரெண்டு புள்ளி ஏழு, ஜன்னல் கண்ணாடி உடைஞ்ச திங்கள்லேர்ந்து. மருந்தறையும் ரெண்டு புள்ளி ஏழுதான், அந்த அறை ஐயா பல்லு புடுங்கின வாரத்துலேர்ந்து. வார்டறை மூணு, போன செவ்வா ரெண்டாவது டீயிலேர்ந்து. அன்னைக்கு நாலு மணிக்கு இந்தம்மா உங்ககிட்ட வந்து சொன்னாங்க சார். நீங்க அப்போ, டீயில சர்க்கரை ஜாஸ்தின்னு என்னைத் திட்டிட்டிருந்தீங்க."

நாலு அறைக் கோப்புகளையும் கணினியில் திறந்து பார்த்தார்கள். எண் பிசகவில்லை. வார்டறைக் கோப்பில் செவ்வாய்க்கிழமைத் தேதியே இருந்ததாம். கடிதத்தை மேலாளர் நாலாகக் கிழித்தார். அறைக்கு ஒரு துண்டு போலும்! மறுநாளே பொதுப் பட்டியல் வந்தது. யாராவது எண்ணை மாற்ற வேண்டுமென்றால் எல்லோர் கண்ணெதிரிலும் மாற்ற வேண்டும். மாற்றினால் நாலு பகுதியையும் சேர்த்துக் கட்டிப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு, ஒரு நர்சம்மாவும் நம்மைக் கொசு என்று திட்டவில்லை.

அந்தப் பட்டியலைத்தான் நாளை எடுக்கப் போகிறீர்கள். எடுங்கள்! மாடிக்கு ஒரு கொடி, மாடிக்கு ஓர் எண், மாடிக்கு ஒரு மகாராஜா! ஏழு மாடியும் ஏழு திசைக்கு இழுக்கட்டும்! ஆனால் அப்போது கீழே வந்து நின்று, யார் எந்த எண் என்று என்னைக் கேட்காதீர்கள். டீ வண்டியை விட்டு வெகுநாளாயிற்று. பட்டியல் மண்டையில் இருந்தால் மண்டையோடு போய்விடும் மக்களே! அதனால்தான் அந்தப் பெண் அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், கேட்பதுபோல் நடித்தவர்களுக்கும் நன்றி. தாய்மார்களுக்குத் தனி வணக்கம். தலைவர் மேசையில் இருக்கும் அறிவிப்புத் தாளில் கையெழுத்து இன்னும் விழவில்லை என்று இங்கிருந்தே தெரிகிறது. படிக்கத்தான் தெரியாது, கண் நன்றாகவே தெரியும்.

அன்று மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரில் மேலாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவறை, ஆய்வறை, மருந்தறைத் தலைவர்கள் மூவரும் போய்விட்டார்கள். போன மழைக்காலத்தில் சேர்ப்பக்காவும் போய்விட்டார். மிச்சம் ஒருவர். பேனாவை மூடி வைத்துவிட்டு இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்: நம் தலைவர், வார்டறைப் புதுசு.