தட்டம்மைக்குத் தைத்தது கக்குவானுக்குப் பொருந்துமா?

தலைமை நாற்காலியில் அமர்ந்து, "சுருக்கமாப் பேசு" என்று கண்ணாலேயே என்னை மிரட்டும் தையல் சங்கத் தலைவர் அவர்களே! தையலே தவமாக வாழும் பெரியோர்களே! என் பேச்சைக் கேட்கவும் துணிந்து வந்த தாய்மார்களே! பக்கத்து அறையில் தடுப்பூசியோடு காத்திருக்கும் செவிலி அம்மா அவர்களே! எங்கள் ஊசி துணியைக் குத்தும். உங்கள் ஊசி எங்களையே குத்தும். ஆகவே உங்களுக்கு இரட்டை வணக்கம்!

முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருப்பவர் என் மனைவியின் அண்ணன், எங்கள் கடைக் கட்டிங் மாஸ்டர். பேத்தி பிறந்திருக்கிறாள். தூக்கினாரா? இல்லை! தொட்டாரா? இல்லை! ஜன்னலுக்கு வெளியே நின்று, திருட வந்தவர்போல் எட்டிப் பார்க்கிறார்!

ஏன்? தெருவெல்லாம் கக்குவான் இருமல். மகள் வாசலை மறித்துவிட்டாள்.

"அப்பா, தடுப்பூசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்புறந்தான் பாப்பா."

மாஸ்டர் மார்தட்டினார்: "எனக்குச் சின்ன வயசுலயே தட்டம்மை வந்து போச்சும்மா. உள்ளே ஆன்டிபாடி படையே இருக்கு. எந்த இருமல் வந்தா என்ன?"

ஐயா, பள்ளிக்கூடம் என்னைப் பாதியிலேயே கைகழுவியது. எனக்கே செவிலி அம்மா சொன்னது புரிந்தது! கிருமி தன் மேல் சுமந்து வரும் அடையாளம் ஆன்டிஜென். அது வெளியிலிருந்து வருகிற வில்லங்கம். அதைக் கவ்விப் பிடிக்க நம் உடம்பு தைக்கிற உறை ஆன்டிபாடி. அது சொந்தச் சரக்கு. ஆன்டிஜென் அளவு, ஆன்டிபாடி தையல்! தட்டம்மை அளவில் தைத்தது கக்குவானுக்குப் பொருந்துமா? என் சட்டை தலைவருக்குப் பொருந்துமா? சிரிக்காதீர்கள், பாவம், அவர் வயிற்றை எக்கிக்கொண்டிருக்கிறார்!

தடுப்பூசி என்ன செய்கிறது? நோயைக் கொடுக்காமல் அதன் அளவை மட்டும் கொடுக்கிறது. உடம்பு முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்கிறது. நூலளவு பிசகினாலும் துணியை என் முகத்தில் எறிகிற மாஸ்டர், உடம்புக்குள்ளே மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே சட்டை என்கிறாரே!

என்னம்மா சொல்கிறீர்கள்? "அவருக்கு ஊசின்னா பயம்" என்றா? நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவருக்கா?

தாய்மார்களே, அந்தப் பிஞ்சு உடம்பு இன்னும் தானே தைக்கப் பழகவில்லை. அதுவரை அவளுக்குக் காவல் யார்? சுற்றி நிற்கிற நாம்! தாத்தா! அத்தை! இந்த வாயாடிச் சின்னத் தாத்தா!

இதோ, எழுந்துவிட்டார்!

"போதும் மாப்ளே, மானத்தை வாங்காதே!"

சட்டைக் கையை மடிக்கிறார்... மடியவில்லை! அவரே அளவெடுத்து அவருக்கே தைத்த சட்டை, அவ்வளவு கச்சிதம்! யாரங்கே, கத்தரிக்கோல்! பாருங்கள், பேத்திக்காகத் தன் தையலைத் தானே பிரிக்கிறார்!

வரிசை அவருக்குப் பின்னால் தொடங்குகிறது. காது கொடுத்தவர்களுக்கு நன்றி. கை கொடுக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்!