நான் வைத்த பெயர்

கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது, இன்ஸ்பெக்டர் சார். கொச்சி மட்டாஞ்சேரியில் பினுவின் நெட் கஃபேயில் ஒற்றை விரலால்தான் பழகினேன். கார்ப்பரேஷன் குமாஸ்தா ஓய்வு பெற்றபின் வேறென்ன செய்வான்.

என் மகள் அமுதவள்ளியை உங்களுக்கே தெரியும். சென்னையில் டிவி சீரியலில் தினமும் அழுகிறவள். 2003இல் அவள் பெயரிலேயே ஒரு வலைத்தளம் தொடங்கினேன். ரசிகர்கள் எழுதினார்கள், அவளே எழுதுவது போல நான் தமிழில் பதில் எழுதினேன். அப்பனோடு போனில் பேசவே நேரமில்லாதவள், ரசிகனுக்கா எழுதப்போகிறாள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் போன் செய்தாள்.

"அப்பா, அந்த சைட்டை எடுத்துருங்க, கேட்டோ. நான்தான் எழுதறேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பயமா இருக்கு."

நான் எடுக்கவில்லை. அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிரபலமான தம் கட்சிக்காரரின் பெயரை அவருடைய அனுமதியின்றி இணையத்தில் பயன்படுத்துவது சட்டவிரோதமாம்.

அனுமதியாம். 1978இல் பிறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயரை என் கையால் எழுதியவன் நான். எனக்கு நோட்டீஸ். உடம்பெல்லாம் எரிந்தது சார். இப்போதும் எரிகிறது.

பினு அதைப் படித்துவிட்டு, "சங்கரலிங்கம் சேட்டா, மோள் பாவமல்லே, சைட்டைப் பூட்டிடலாம்" என்றான். உன் வேலையைப் பாருடா என்றேன்.

வீரபாண்டி என்றொரு ரசிகன். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லித் தினமும் எழுதுவான். மறுத்தால் கத்தியோடு வருவேன் என்று மூன்று முறை எழுதியிருந்தான். அவனை இனிக்க இனிக்கப் பேசி அடக்கி வைத்திருந்ததும் நான்தான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நோட்டீஸ் வந்த அன்று மத்தியானம் வேறு மாதிரி எழுதினேன். உன்னை என் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது, தைரியமிருந்தால் நேரில் வா என்று. அவளுடைய சென்னை வீட்டு விலாசத்தையும், காலை ஏழு மணிக்கு அவள் ஷூட்டிங் காருக்காக வாசலில் நிற்பதையும் சேர்த்தேன். கீழே அமுதவள்ளி என்று போட்டேன்.

அவன் போனான். அவள் கழுத்தில் குத்து. உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சுதான் போய்விட்டது.

நீங்கள் முதலில் விசாரித்தபோது, பாஸ்வேர்டு அவளிடமும் உண்டு, அந்தக் கடிதத்தை அவளேதான் எழுதினாள் என்றேன். அது பொய். அவள் இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்: 'எனக்குத் தமிழ் பேச மட்டுந்தான் வரும். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.'

அந்தத் தாளைத்தான் இப்போது என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். அடியில் கையெழுத்தைப் பார்த்தீர்களா சார். அமுதவள்ளி. நான் வைத்த பெயர். அதைப் போட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.