தலைக்கு ஒரு கலன்

— இல்லைப் பிள்ளை, உள்ளதைச் சொல்லப்போனால் இது என்ரை கையிலை இல்லை. ஒரு பிள்ளைக்காக விசேட கல்வி அலகு ஒண்டைத் திறக்க ஏலாது. போன மாசமும் உதைத்தான் சொன்னனான்.

— ஓம் சேர், சொன்னனீங்கள். எட்டுப் பிள்ளை வேணும் எண்டும் சொன்னனீங்கள்.

— நான் சொல்லேல்லை, கல்வி வலயக் கந்தோர் சொன்னது. எட்டுப் பேர் இருந்தால் பயிற்சி பெற்ற ரீச்சர் ஒராளை விடுவினம். இல்லாட்டி அவ நெடுந்தீவுக்குப் போறா. இண்டைக்கு மூண்டு மணிக்கு முதல் பட்டியல் போகவேணும். நான் பூச்சியம் எண்டு எழுதி, ஒப்பமும் வைச்சிட்டன்.

— பூச்சியமோ சேர்? என்ரை லோஜனா உங்கடை பள்ளிக்கூடத்திலை இரண்டாம் வகுப்பிலை எல்லே இருக்கிறாள்?

— இருக்கிறா. பத்து மணி மட்டும் இருக்கிறா.

— அதுக்குப் பிறகு இருக்க விட்டால்தானே சேர் இருப்பள்? நாள் தவறாமல் பத்து மணிக்கு வகுப்பு ரீச்சர் போன் எடுக்கிறா. ‘கஜாலினி, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துது, வந்து கூட்டிக்கொண்டு போம்.’ நான் வீடு வீடாத் தண்ணி குடுக்கிற பவுசர் வண்டியோடை ஏதாவது ஒழுங்கைக்கை நிப்பன். றைவர் இராயப்பு அண்ணை பாவம், பவுசரையே இங்கை திருப்பிறார். பள்ளிக்கூடத்துக்கு நாளும் தண்ணி வருது எண்டு ஊர்ச் சனம் நினைக்குது.

— நீர் பகிடி விடுறீர்.

— அழுது முடிஞ்சுது சேர். இனிப் பகிடிதான் மிச்சம்.

— யாழ்ப்பாணத்திலை பெரிய பள்ளிக்கூடங்களிலை அலகு இருக்கு. அங்கை சேர்த்துவிடும் எண்டு நான் கடிதமும் தந்தனான்.

— சேர்த்தனான். ஆறு நாள் போனது. ஏழாம் நாள் பஸ்ஸிலை பாட்டைக் கூட்டிப் போட்டாங்கள். இவள் கத்தத் தொடங்கினாள். சனம் திட்ட, கண்டக்டர் எங்களைப் பண்ணைப் பாலத்துக்கு நடுவிலை இறக்கிவிட்டிட்டுப் போட்டார்.

— பாலத்துக்கு நடுவிலையோ?

— ஓம். இரண்டு பக்கமும் கடல். நடுவிலை நானும் பிள்ளையும் புத்தகப் பையும். பஸ்ஸின்ரை சத்தம் போய் முடிஞ்சுது, பிள்ளை காதிலை இருந்து கையை எடுத்தாள். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு காத்துக்கு முகத்தைக் குடுத்து நடந்தாள் பாருங்கோ, சிரிச்சுக்கொண்டு. எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியேல்லை. பிள்ளையிலை பிழை இல்லை, அவளுக்குச் சத்தம்தான் தாங்க ஏலாது எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. ஒரு சின்ன அறை, அவளை விளங்கிற ஒரு ரீச்சர். வேறை என்ன சேர் நான் கேக்கிறன்?

— எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நீரும் என்ரை நிலைமையை யோசியும். ஒவ்வொரு வருசமும் தை மாசம் ரீச்சர்மாரை வீடு வீடா அனுப்பிக் கணக்கெடுக்கிறன். இந்தப் பக்கத்திலை உம்மடை பிள்ளையைத் தவிர அப்பிடி ஒருத்தரும் இல்லை. இல்லாத பிள்ளையளுக்கு நான் எங்கை போறது?

— இந்தத் தாளை ஒருக்காப் பாருங்கோ சேர்.

— என்ன இது?

— ஏழு பேர். என்ரை பிள்ளையோடை ஏழு. பேர், வயசு, தாய் தேப்பன், அவையின்ரை ஒப்பம்.

— இதுகள் எங்கத்தைப் பிள்ளையள்?

— இங்கத்தைப் பிள்ளையள்தான். கரம்பொனுக்கும் மண்கும்பானுக்கும் இடையிலை.

— பேய்க்கதை கதைக்காதையும். பன்ரண்டு வருசமா இங்கை அதிபரா இருக்கிறன், எனக்குத் தெரியாத பிள்ளையோ?

— கோவிக்காதேங்கோ. உங்கடை ரீச்சர்மார் படலைக்கு வெளியிலை நிண்டு, ‘பள்ளிக்கூடம் வராத பிள்ளை இருக்கோ?’ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொல்ல என்ன கஷ்டம்? நான் தண்ணிக்கு எல்லே கேட்டனான்.

— விளங்கேல்லை.

— மூண்டு வருசமா மழை ஏமாத்திப்போட்டுது. கிணறு எல்லாம் உவர். பவுசரிலை வாற தண்ணிதான் வாயிலை வைக்கிற தண்ணி. தலைக்கு ஒரு கலன். வீட்டிலை எத்தினை தலை எண்டு அவை சொல்ல, நான் எழுதுறன். கேளுங்கோ சேர், பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொல்லலாம். சம்பந்தம் பேச வாற ஆக்களுக்கும் சொல்லலாம். தண்ணிக்குச் சொல்ல ஏலாது. சொன்னால் வீட்டுக்கை ஒரு சீவனுக்கு நா வறளும்.

— ம்.

— அம்பலவாணர் ஐயா வீட்டிலை உங்களுக்குத் தெரிய எத்தினை பிள்ளை?

— இரண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தது இங்கை பதினோராம் வகுப்பு. சின்னது கனடாவிலை, தாய்மாமனோடை.

— கனடாவிலை இருக்கிற பிள்ளைக்கும் இங்கை தண்ணி எடுக்கினம் சேர்.

— என்ன?

— மூண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் கிழமைக்குக் கிழமை நாலு கலன். முதல் நான் பிழையா எழுதிப்போட்டன் எண்டுதான் நினைச்சன். அடுத்த கிழமையும் நாலு. நான் ஒண்டும் கேக்கேல்லை. கலனைக் குசினி வாசலிலை வைக்கேக்கை என்ரை பிள்ளையின்ரை கதையைச் சொன்னன். கத்துறதை, பாலத்தை, பத்து மணிப் போனை, எல்லாத்தையும். வீட்டுக்கார அக்கா கேட்டுக்கொண்டு நிண்டா. மூண்டாம் கிழமை என்னைக் கையிலை பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டா.

— உள்ளுக்கு ஆர்?

— நிசாந்தினி. பன்ரண்டு வயசு. காது கேளாது, கதையும் வராது. தலைக்கு நல்லெண்ணெய் வைச்சு இரட்டைப் பின்னல் பின்னி, வடிவான சட்டை போட்டு, யன்னல் கம்பியிலை உள்ளங்கையை வைச்சபடி நிண்டது. ஏன் அப்பிடி நிக்குது எண்டு கேட்டன். பவுசர் சந்தி திரும்பேக்கை கம்பி அதிருமாம். தண்ணி வருது எண்டு வீட்டிலை எல்லாருக்கும் முதல் சொல்லுறது அவள்தானாம். நானும் அந்தக் கம்பியிலை கையை வைச்சுப் பாத்தன் சேர். இராயப்பு அண்ணையைப் பவுசரைக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வரச் சொல்லியும் பாத்தன். எனக்கு ஒரு இழவும் தெரியேல்லை. பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்குது!

— நான் போன கோயில் திருவிழாவிலையும் தேப்பனிட்டை விசாரிச்சனான். ‘சின்னவ கனடாவிலை எப்பிடி?’ எண்டு. குளிர் கூட எண்டு சொன்னவர்.

— அவரைக் குறை நினைக்காதேங்கோ. மூத்ததுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசவேணும். ‘அந்த வீட்டிலை ஒரு ஊமை இருக்கு’ எண்டு ஒருக்காச் சொன்னால் காணும், ஒருத்தன் படலையைத் திறக்கமாட்டான். நாங்கள் தீவார் வெளிநாட்டுக்குப் பேர் போன ஆக்கள்தானே? சொன்னால் நம்புவினம். நான் பவுசரிலை திரிஞ்சு கண்டது அதைத்தான் சேர். எங்கடை ஊரிலை கன பின்னறையளுக்கு ஒவ்வொரு நாட்டின்ரை பேர் இருக்கு.

— மற்றதுகளும் உப்பிடியோ?

— நிருபன் எண்டு ஒரு பெடியன், எட்டு வயசு. நடக்க ஏலாது, ஆனால் வாய் ஓயாது. ஊருக்கு அவன் லண்டனிலை. கோபிசங்கருக்குப் பத்து வயசு, ஊருக்கு அவன் ஜேர்மனியிலை. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவிலை ஒரு கிடுகு வேலிதான் சேர். இரண்டு தாய்மாரும் பத்து வருசமா அந்த வேலியாலை கறி குடுத்து வாங்கினவை. ‘உங்கடை மகன் லண்டனிலை எப்பிடி?’ ‘உங்கடை மகன் ஜேர்மனியிலை எப்பிடி?’ எண்டு சுகம் கேட்டவை. இரண்டு பிள்ளையும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருந்ததுகள்.

— கடவுளே.

— ஒராளுக்கும் ஒராளைத் தெரியாது. ஆறு தாய்மாரும், இந்தத் தீவிலை தனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சிருந்தவை. நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான். அதுதான் போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரையும் மண்கும்பான் கடற்கரைக்கு வரச் சொன்னன்.

— வந்தவையோ?

— வருவினம் எண்டு நான் நம்பேல்லை சேர். வெறுங் கடற்கரையிலை பிள்ளையையும் கொண்டு தனிய நிண்டன். பாத்தால் ஓட்டோ ஒண்டு. பேந்து இன்னொண்டு. நிசாந்தினியைத் தேப்பன் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தார், பட்டப்பகலிலை, நடு றோட்டாலை. நிருபனைத் தாய் இடுப்பிலை தூக்கிக்கொண்டு வாறா, அங்காலை கோபிசங்கரின்ரை தாய் பிள்ளையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வாறா. இரண்டு பேரும் ஒராளை ஒராள் கண்டினம்.

— கண்டு? என்ன சொன்னவை?

— கோபிசங்கரின்ரை தாய் கிட்டப் போய், ‘கை உழையும் அக்கா, கொஞ்ச நேரம் நான் வைச்சிருக்கிறன்’ எண்டு நிருபனை வாங்கித் தன்ரை இடுப்பிலை வைச்சுக்கொண்டா. அவ்வளவுதான். எனக்கு நயினாதீவு அம்மாளாச்சி நேரிலை வந்து நிண்டமாதிரி இருந்தது.

— பிள்ளையள்?

— அதைத்தான் சேர் எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஏழும் நேரை கடலுக்குப் போச்சுதுகள், நிருபன் இடுப்பிலை இருந்தபடி. சில பிள்ளையள் கடலையே காணாததுகள். தீவிலை பிறந்து, கடலைக் காணாத பிள்ளையள்! அலை சத்தம் போட, என்ரை லோஜனா காதைப் பொத்தினாள். கத்தப்போறாள் எண்டு நான் ஓடினன். எனக்கு முதல் நிசாந்தினி போட்டுது. காது கேளாத பிள்ளை, சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பின்னாலை நிண்டு, தன்ரை இரண்டு கையாலையும் இவளின்ரை காதை வடிவாப் பொத்திக்கொண்டுது. இவள் தன்ரை கையைக் கீழை விட்டாள். விட்டிட்டு மண்ணை அள்ளி விளையாடத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் எண்டு நினைக்கிறியள்? ஒண்டரை மணித்தியாலம். ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை சேர். பெரிய ஆக்கள் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பாத்துக்கொண்டு நிண்டம்... ஏன் சேர் எழும்பிறியள்?

— ஒண்டுமில்லை. கதிரையிலை இருக்க மனம் வரேல்லை. முப்பது வருசம் படிப்பிச்சன். ஒரு வகுப்பிலை ஒரு நாள் நான் இப்பிடி ஒண்டைக் காணேல்லை. நீர் இரும். நீர் இரும் பிள்ளை. தண்ணி குடிக்கிறீரோ?

— நான் தண்ணியோடைதான் சேர் சீவிக்கிறன். அந்தப் பூச்சியத்தை வெட்டிப்போட்டு ஏழு எண்டு எழுதினால் காணும்.

— எழுதுறன். ஆனால் உள்ளதைச் சொல்லப்போனால், ஏழுக்குத் தராயினம். எட்டு எண்டால் எட்டுத்தான். நெடுந்தீவாரும் கேட்டுக்கொண்டு நிக்கினம், அவையிட்டை ஒன்பது இருக்காம்.

— ஒண்டுதானே சேர் குறையுது?

— ஒண்டெண்டாலும் குறைதான், விளங்குதே? ரீச்சர் அங்கை போனால் இனி மூண்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வராயினம். நல்லா யோசிச்சுச் சொல்லும். எல்லா வீட்டையும் பாத்தனீரோ?

— பவுசர் போகாத ஒழுங்கை இல்லை சேர்.

— அப்ப எட்டாவது பிள்ளை இல்லையோ?

— இருக்கு.

— இருக்கோ! அப்ப ஏன் எழுதேல்லை?

— தாளிலை இருக்கிறது எல்லாம் தாயோ தேப்பனோ தங்கடை வாயாலை சொன்ன பேர் சேர். அவை சொல்லாத பேரை நான் எப்பிடி எழுதுறது?

— அந்த ஒரு பேரை எழுதியிருந்தால் உம்மடை பிள்ளைக்கு இண்டைக்கே ரீச்சர் கிடைச்சிருக்கும். அது தெரிஞ்சுதான் விட்டனீரோ?

— தெரிஞ்சுதான். மூண்டு நாள் நித்திரை இல்லை. லோஜனாவின்ரை முகத்தைப் பாக்கேக்கை எல்லாம் எழுதுவம் எழுதுவம் எண்டுதான் கை போகுது. ஆனால் என்ரை பிள்ளைக்காக இன்னொரு வீட்டின்ரை கதவை நான் உடைக்க ஏலாது சேர்.

— அந்த வீட்டுக்கு எத்தினை கலன் எடுக்கினம்?

— நாலு.

— ஊருக்கு எத்தினை பேர் எண்டு சொல்லியிருக்கினம்?

— மூண்டு.

— மற்ற ஆள் எந்த நாட்டிலை?

— சுவிஸிலை எண்டு சொல்லுகினம்.

— எவ்வளவு காலமா உமக்குத் தெரியும்?

— இரண்டு வருசம்.

— இரண்டு வருசமா இந்த அறைக்கு வந்து, நான் ஏலாது ஏலாது எண்டு சொல்லச் சொல்ல, ஒரு சொல்லுச் சொல்லாமல் எழும்பிப் போயிருக்கிறீர்.

— என்னத்தைச் சொல்லுறது சேர்?

— நேரம் என்ன?

— இரண்டே முக்கால்.

— பேனையை எடும். மிரோஜன், வயசு ஒன்பது. தகப்பன் எண்ட இடத்திலை என்ரை பேரை எழுதும்.