மதலேனம்மா பிரிச்சுக் கொடுத்த பாட்டு

கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓடுன காலம் அது. அந்தக் காலத்துல, கேட்டியளா, இந்தச் சவேரியான்துறையில மதலேன் வாஸ்னு ஒரு பொம்பள இருந்தாவ. எங்க தாத்தாவுக்கு அத்தை முறை. அவிய அப்பாவுக்குக் கொழும்புல கருவாட்டு யாவாரம். புள்ளய அங்கேயே கன்னியர் மடத்துல படிக்க வச்சாரு. அங்கதான் பியானோ படிச்சாவளாம். அடுத்தவிய எழுதுன பாட்ட வாசிச்சு வாசிச்சு, இனிமே நானே எழுதுதேன்னு உக்காந்துட்டாவளாம். கொழும்பு மண்டபத்துல அவிய எழுதுனத அவியளே வாசிக்க, துரைமாரு எந்திரிச்சு நின்னாவன்னு சொல்லுவாவ.

அப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. அவரோட ஊருக்கு வந்தாவ. பியானோவும் தோணியில வந்துச்சு. கரையிலருந்து அதத் தூக்கிட்டு வந்தது பூரா மேலத்தெரு ஆளு. அவிய வீடு மேலத்தெருவுல. கீழத்தெருக்காரன் ஒருத்தன்கூட கை வைக்கல.

ஏன்னு கேளுங்க. ஊரு ரெண்டாக் கெடந்துச்சு. ஒரு வலைத் தகராறுல மேலத்தெருக்காரன் அடிச்ச அடியில, கீழத்தெரு நத்தாலியம்மா மவன் செத்துட்டான். அடிச்சவன் ஜெயிலுக்குப் போனான். அதோட பேச்சு நின்னுச்சு, பொண்ணு குடுக்கது எடுக்கது நின்னுச்சு. மாதா தேருக்கு வடம் ரெண்டு. வலது வடம் மேலத்தெருவுக்கு, இடது வடம் கீழத்தெருவுக்கு. ஒரு பக்கமா இழுத்தா தேர் நகருமா? நகராது. வருசக் கணக்கா கொட்டகைக்குள்ளயே நின்னுச்சு.

மாதாவுக்குப் பாட்டு எழுதப் போறேன், ஊரே பாடணும்னாவ மதலேனம்மா. அப்பா படுத்த படுக்கையில சிரிச்சாராம்.

"ரெண்டு தெருவும் மொகத்துக்கு மொகம் பாக்காது. இதுல உனக்குப் பாட்டா, தாயி?"

"என் வலது கை வாசிக்கத இடது கை வாசிக்கதில்லப்பா. பாட்டு வருதா இல்லியா?"

சொன்னாவ, செஞ்சாவ. மேலத்தெருப் பொம்பளையள வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்குடுத்தாவ. கீழத்தெருவுக்கு அவியளே நடந்து போயி, கருவாடு காயப்போடுத களத்துல நின்னு சொல்லிக்குடுத்தாவ. ரெண்டு பக்கமும் ஒரே பேச்சுதான்: இது உங்க தெருப் பாட்டு. பொய் இல்ல பாருங்க. ஆனா மேலத்தெருப் பாட்டு ஓடும், ஓடிப்போயி நிக்கும். கீழத்தெருப் பாட்டு ஆழமா, மெதுவா வரும். தனியாப் பாடுனா ரெண்டுமே அரைகுறை. மேலத்தெருப் பெரியவர் கஸ்பாரு கேட்டாராம், நடுவுல நடுவுல நிறுத்தச் சொல்லுதியே, அந்த எடத்துல என்ன செய்யன்னு. காத்திருக்கணும் மாமான்னு மட்டும் சொன்னாவளாம்.

திருவிழா வந்துச்சு. சாயங்காலம் கோயில் வாசல்ல பியானோவ எறக்குனாவ. மேலத்தெரு வலது பக்கம், கீழத்தெரு இடது பக்கம், நடுவுல மதலேனம்மா. கீழத்தெருவப் பாத்துச் சொன்னாவளாம், இவிய நிறுத்துத எடத்துல உங்க பாட்டத் தொடங்குங்கன்னு. ரெண்டும் ஒரே பாட்டோட பாதிப் பாதின்னு அப்பத்தான் எல்லாருக்கும் வெளங்குச்சு. கஸ்பாரு மொகம் கறுத்துப்போச்சு. கீழத்தெரு இளவட்டங்க, நம்மள ஏமாத்திட்டாவன்னு பொறுமுனானுவ.

மதலேனம்மா அசரல. வலது கைய மட்டும் வச்சு வாசிச்சாவ. மேலத்தெரு பாடுச்சு, ஓடுச்சு, நின்னுச்சு. கீழத்தெரு வாயத் தொறக்கல. இடது கை மடியிலயே கெடந்துச்சு.

மறுபடி தொடங்குனாவ. மேலத்தெரு பாடி நின்னுச்சு. கீழத்தெரு அப்பவும் பாடல. நாலஞ்சு பேரு எடத்தக் காலிபண்ணிப் போயிட்டானுவ.

மூணாந்தடவ வாசிச்சாவ. மேலத்தெரு பாடி நின்னுச்சு. அந்த எடத்துல ஒரு கொரல் எந்திரிச்சுச்சு. ஒத்தக் கொரல், கரகரன்னு. யாருன்னு நெனைக்கிய? நத்தாலியம்மா. மவனப் பறிகொடுத்த நத்தாலியம்மா.

மதலேனம்மாவோட இடது கை மடியிலருந்து எழும்புச்சு. அந்தக் கொரலுக்குக் கீழ மெத்தை விரிச்ச மாதிரி வாசிச்சாவளாம். பொறவு கீழத்தெரு மொத்தமும் பாடுச்சு. அரைகுறையாத் தெரிஞ்ச ரெண்டும் சேந்து முழுசா நின்னுச்சு. கஸ்பாரு தலத்துண்ட எடுத்து மொகத்த மூடிக்கிட்டாராம்.

பொறவு நத்தாலியம்மாகிட்ட கேட்டாவ, எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சுன்னு.

"மன்னிச்சேன்னு நான் சொல்லல. அந்தப் புள்ள ஒத்தக் கையால வாசிச்சிட்டுக் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல, பாடுனேன்."

அன்னைக்கே தேர் ஓடிச்சுன்னு சில பேரு சொல்லுவாவ. நம்பாதிய. மறுவருசந்தான் ஓடிச்சு. அப்பா கண்ண மூடுனதுக்கு அப்புறம் மதலேனம்மா கொழும்புக்கே போயிட்டாவ. எம்புட்டோ எழுதுனாவ, எத்தனையோ மண்டபத்துல வாசிச்சாவ. தேருக்கு மட்டும் தவறாம வந்துருவாவ. கடைசியில நம்ம கல்லறையிலதான் படுத்துருக்காவ.

இன்னைக்கும் வடத்துல கை வைக்கதுக்கு முன்னால அந்தப் பாட்டப் பாடுதோம். மேலத்தெரு பாடி நிக்கும், கீழத்தெரு பேசாது. ரெண்டாந்தடவயும் பேசாது. வெளியூர்க்காரங்க, பாட்டு மறந்துபோச்சு போலன்னு ஒருத்தர ஒருத்தர் பாப்பாவ. மறக்கல. மூணாந்தடவ, கீழத்தெருவுல புள்ளையப் பறிகொடுத்த ஒரு தாய் மொதல்ல தொடங்குவா. அவ தொடங்குன பொறவுதான் தேர் நகரும்.