மஞ்சள் கட்டம்

நான் சர்க்கரை டப்பாவிலும் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டுகிறவள். கண்ணாடி டப்பாதான், உள்ளே இருப்பது வெளியே தெரியும். இருந்தாலும் ஒட்டுவேன். என் கணவர் இருந்த காலத்தில், “நக்கிப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது, இதுக்கு ஒரு சீட்டா?” என்று சிரிப்பார். நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு முறையல்ல என்பேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள் ஐயா. என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல்.

என் பெயர் ரொசலின் அகுமு. வயது ஐம்பத்திரண்டு. கிசுமுவில், ஏரியைப் பார்த்த நாலாவது மாடியில், பத்தொன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை. நாங்கள் ஜனங்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிறவர்கள். நாளைக்குத் தண்ணீர் வராது, பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை, தடுப்பூசிக்கு வாருங்கள், இந்த மாதிரி. அனுப்புகிற கணினிகள் எங்களுடையவை அல்ல. எங்கோ தூர தேசத்தில் பெரிய கொட்டகைகளில் ஓடுகின்றன, நாங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். அதைத்தான் கிளவுட் என்கிறார்கள். எங்களுக்கு ஒன்று இருந்தது. நகுரு கிளைக்காரர்கள் தாங்களாகவே இன்னொன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு யாமோ என்ற சின்ன நிறுவனத்தை வாங்கினோம், அதோடு மூன்றாவது வந்து சேர்ந்தது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் கதோகோ ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “ரொசலின், எனக்கு மூணு சாவி, மூணு கணக்கு எல்லாம் வேணாம். காலைல வந்து உக்காந்தா ஒரே திரைல எல்லாம் தெரியணும். ஒழுங்கா இருக்கிறது பச்சை, ஒழுங்கில்லாதது மஞ்சள். முடியுமா?”

“முடியும் சார்,” என்றேன்.

விதிகளை நான்தான் எழுதினேன். மூன்று கிளவுட்டிலும் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பொறுப்பாளர் பெயர் ஒன்று எழுதியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் போகும். ஏழு நாளில் யாரும் வந்து “இது என்னுடையது” என்று சொல்லாவிட்டால், இயந்திரம் தானாகவே அணைந்துவிடும். இது நான் கண்டுபிடித்த கொடுமை என்று நினைக்காதீர்கள், இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் உள்ள நடைமுறைதான். வேலையை விட்டுப் போனவர்கள் அணைக்க மறந்த இயந்திரங்கள் வருடக்கணக்கில் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள் அணைந்தன. ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. கேட்பாரில்லாத பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் திரையில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம் மிஞ்சியது. அது யாமோவின் இயந்திரம்.

யாமோ என்றால் எங்கள் லுவோ மொழியில் காற்று. ஏரித் தீவுகளில் நட்டு வைத்த காற்றுமானிகளிலிருந்து அந்த இயந்திரம் கணக்கெடுக்கும். காற்று மாறினால் கரைகளில் உள்ள நாலாயிரம் போனுக்கு ‘படகை இறக்காதே’ என்று செய்தி போகும். காற்று சரியாக இருந்தால் எதுவும் போகாது. ஆரம்பத்தில் தினமும் ‘ஏரி நலம்’ என்றும் அனுப்பினார்களாம். மீனவர்கள் அலுத்துக்கொண்டு, கெட்டதுக்கு மட்டும் கூப்பிடு என்றார்களாம். ஆகவே செய்தி வராத நாள் நல்ல நாள். இது அவர்கள் ஒப்படைத்த குறிப்பேட்டில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்.

அதை உருவாக்கியவர் சில்வானுஸ் ஒதேரா. என்னைவிட இருபது வயது இளையவர். யாமோவோடு எங்களிடம் வந்தவர். அதில் பொறுப்பாளராக அவர் பெயர் இருந்தது, ஆகவே அணைக்கும் விதி அதைத் தொடாது. ஆனால் மற்ற இரண்டு கிளவுட்டில் உள்ளவையும் எங்கள் முதல் கிளவுட்டுக்கு வர வேண்டும் என்பது இன்னொரு விதி; அதை மாற்றாததால் மஞ்சளாகவே நின்றது. மாற்றச் சொல்லிப் பதினொரு முறை எழுதினேன்.

“அக்கா, மழைக்காலம் முடியட்டும். மார்ச்லேர்ந்து மே வரைக்கும் ஏரிக்குப் பேய் பிடிச்ச மாதிரி. இப்ப பிடுங்கி நட முடியாது. ஜூன்ல நானே செஞ்சு தர்றேன்.”

“திங்கக்கிழமைதோறும் சார் கேக்கறாரே, நான் என்ன சொல்ல?”

“மஞ்சளும் நல்ல கலர்தான்னு சொல்லுங்க.”

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “ரொசலின் அக்கா செத்துப் போனா மொதல்ல சொர்க்கவாசல்ல ஒரு சீட்டு ஒட்டிட்டுத்தான் உள்ள போவாங்க. வாசல் காக்கிற பேதுருவையே ஏழு நாள் நோட்டீஸ் குடுத்து அணைச்சிடுவாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை ஐயா. பல பேர் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அந்தப் பேச்சை நான் அன்றே மறந்துவிட்டேன்.

ஏப்ரலில் சில்வானுஸின் தாயார் இறந்துபோனார். வியாழக்கிழமை சில்வானுஸ் சொந்த ஊரான யிம்போவுக்குப் போனார். அடக்கம், அதற்குப் பின்னான சடங்குகள் எல்லாம் சேர்த்து இரண்டரை வாரம் விடுப்பு. வெள்ளிக்கிழமை காலை அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். பொறுப்பாளர் என்றால் கூப்பிட்டால் வருகிறவர். விடுப்பில் இருப்பவர் எப்படிப் பொறுப்பாளர் ஆவார்? யோசித்துப் பார்த்தால் அது தவறான பதிவு. தவறான பதிவைத் திருத்துவது என் வேலை. பெயரை அழித்தேன். அவ்வளவுதான் செய்தேன். எதையும் அணைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அடக்கத்துக்குப் போனேன். வண்டியில் இரண்டரை மணி நேரம். தார்ப்பாயின் கீழே பெண்களோடு உட்கார்ந்து பாடினேன், உகாலிக் களி சாப்பிட்டேன். சில்வானுஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு தூரம் வந்தீங்களே அக்கா. ஆபீஸ்லேர்ந்து வேற யாரும் வரல.”

“அம்மா காரியம். வராம இருப்பேனா?”

“யாமோவ மட்டும் ஒரு கண்ணு பாத்துக்கங்க.”

“பாத்துக்கறேன்,” என்றேன்.

பெயரில்லாத இயந்திரத்தின் எச்சரிக்கைக் கடிதம் யாருக்குப் போகும் என்று கேட்பீர்கள். நிர்வாகப் பெட்டிக்கு வரும். நிர்வாகப் பெட்டியைப் பார்ப்பது நான். ஏழு நாளும் காலை எட்டு மணிக்கு அந்தக் கடிதம் எனக்கு வந்தது. ‘இந்த இயந்திரத்துக்கு உரியவர் உண்டா?’ ஒவ்வொரு நாளும் முழுவதுமாகப் படித்தேன். உரியவர் நானில்லை, ஆகவே பதில் எழுதவில்லை. அடுத்த வெள்ளி நண்பகல் அது அணைந்தது. அணைந்த இயந்திரத்துக்குத் திரையில் கட்டம் கிடையாது.

திங்கட்கிழமை இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். “பாருங்கப்பா, ஒரு மஞ்சள் இல்ல. மூணு கிளவுட்டும் ஒரே வயல் மாதிரி இருக்கு.” எங்கே போயிற்று அந்தக் கட்டம் என்று அறையில் ஒருவராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எண்ணெயில் பொரித்த மண்டாசி வந்தது, எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமைக்கு வருகிறேன்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். யாமோ உதவி எண்ணுக்கு வந்த அழைப்பை, சில்வானுஸ் இல்லாததால், வரவேற்பில் இருப்பவர் எனக்கு மாற்றிவிட்டார். ஒபாரி கரையின் தலைவர் நிகானோர் ஒபுரா பேசினார். படகு இறங்கலாமா கூடாதா என்று அங்கே கைகாட்டுகிறவர் அவர்தான்.

“யாரு பேசறது? நம்ம சில்வானு இல்லயா?”

“அவர் ஊருக்குப் போயிருக்கார். நான் ரொசலின்.”

“எந்த ஊரும்மா நீ?”

“கெம்.”

“அடி, கெம் ஊரு மகளா! அங்கதான் எம் மூத்தாள எடுத்தேன். வாய் பெருசு, கையும் பெருசு. சரி கேளு மகளே. மேக்கால வானம் கறுத்துக் கெடக்கு. எங்கண்ணுக்கு நல்லாப் படல. ஆனா ஒங்க மெசேஜு ஒண்ணும் வரல. பயலுவ வலய ஏத்திட்டு நிக்கிறானுவ. ‘கெழவா, யாமோ சும்மா இருக்கு, ஒனக்கென்ன நடுக்கம்’னு கேலி பண்றானுவ. வந்துச்சா, வரலயா?”

“மெசேஜ் எதுவும் இல்லைங்க.”

“அப்ப ஏரி சும்மாத்தான் இருக்குங்கற.”

“மெசேஜ் இல்லைன்னுதான் இங்க இருக்கு.”

அவர் சிரித்தார். “அப்பச் சரி. எங்கண்ணுல பொற விழுந்து நாலு வருசமாச்சு. ஒங்க யாமோவுக்குக் கண்ணு கெடல. நல்லா இரு மகளே.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

போனை வைத்ததும் ஜன்னலைப் பார்த்தேன். மேற்கே கறுப்பாகத்தான் இருந்தது. இதை முதல் விசாரணையில் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: இயந்திரத்தின் பக்கத்தைத் திறந்தேன். மறுபடி ஓட வைக்க நாலு நிமிடம் போதும். காற்றைப் படிக்க ஒரு நிமிடம், செய்தி போக ஒரு நிமிடம். படகுகள் நாலு மணிக்குத்தான் இறங்கும், நேரம் நிறைய இருந்தது. பொத்தானை அழுத்தினேன். ‘பொறுப்பாளர் பெயர்’ என்று கேட்டது. பெயர் எழுதாமல் எதுவும் ஓடக் கூடாது என்பதும் என் விதிதான்.

சில்வானுஸின் பெயரை எழுதலாம். அப்படிச் செய்தால் நான் அதை எடுத்தது தவறு என்றாகும். என் பெயரை எழுதலாம். எழுதினால் திரையில் மறுபடி மஞ்சள் வரும், அதன் மேல் ரொசலின் அகுமு என்று இருக்கும். ‘ரொ’ என்று அடித்தேன். அடித்ததை அழித்தேன். பக்கத்தை மூடிவிட்டு, கீழே போய்த் தேநீர் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தரைக்குக் காற்று வந்தது. எங்கள் கட்டடத்தின் தகரக் கூரையில் இரண்டு தகடுகள் பறந்து வாகனங்கள் மேல் விழுந்தன. ஒபாரியிலிருந்து ஏழு படகுகள் போயிருந்தன. நாலு திரும்பின.

சில்வானுஸ் சடங்கை விட்டுவிட்டு மறுநாளே வந்தார். பதிவேட்டைத் திறந்தார். நிர்வாகச் சாவியால் பெயர் அழிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. அந்தச் சாவியை ஐந்து பேர் பயன்படுத்துகிறோம். “ஒருவேளை நாந்தான் ஊருக்குப் போற அவசரத்துல ஏதாவது தொட்டுட்டேனா அக்கா?” என்று என்னையே கேட்டார். “நினைவு படுத்திப் பாரு” என்றேன். மூன்று வாரமாக நினைவுபடுத்திப் பார்க்கிறார். சாப்பிடுவதில்லை என்கிறார்கள். நிகானோரின் வீட்டு வாசலில் விதவைகள் சேற்றை அப்பிவிட்டுப் போனார்களாம். அவர் கழுவவில்லையாம்.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். அவர்கள் இருவருக்காக என்று எழுதினால் நல்லபடியாக இருக்கும், ஆனால் அது சரியாக இருக்காது. உங்கள் இடைக்கால அறிக்கையின் நகலைப் பார்த்தேன். ‘இயந்திரம் நின்றதற்குப் பொறுப்பானவர்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறீர்கள். இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. ஒரு பத்தியை அப்படி வெறுமையாக விடக் கூடாது. அங்கே ரொசலின் அகுமு என்று எழுதுங்கள். பெயரை எடுத்தது நான். ஏழு கடிதங்களையும் படித்தது நான். கிழவர் கேட்டபோது சொல்லாதது நான். தெரிந்துதான் செய்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமானால் குடித்துவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். இறந்தவர்கள் பதினொருவர் என்று போட்டிருக்கிறீர்கள். பட்டியலைச் சரிபார்த்தேன், அதில் பத்துப் பெயர்கள்தான் இருக்கின்றன. மூன்றாவது படகில் அன்றைக்கு மட்டும் கூலிக்கு ஏறிய ஓர் ஆள், பெயர் தெரியாது, பிணவறையில் இருக்கிறார் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. மூன்று வாரமாகியும் இன்னார் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. ஏழு நாளுக்கு மேல் ஆகிவிட்டது ஐயா. என் கணக்கில் பத்து என்றே எழுதுங்கள்.